ஹோட்டல் கரண்ட் பில் குறைய: முதலில் தணிக்கை, அப்புறம் மானியம்

புது ஏசி வாங்கலாமா, சோலார் போடலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் எரிசக்தித் தணிக்கை ஒன்று செய்துவிடுங்கள், அதாவது எங்கே எவ்வளவு மின்சாரமும் கேஸும் செலவாகிறது என்று ஆள் வைத்து அளந்து பார்ப்பது. கடைசி 12 மாத மின்சார, கேஸ் பில்களோடு அந்தந்த மாதம் எத்தனை அறைகள் நிரம்பின என்ற கணக்கும் வேண்டும். அது இல்லாமல் எது வீண், எது விருந்தினரால் ஆன செலவு என்று பிரிக்கவே முடியாது. இரவு 2 மணிக்கு மீட்டர் எப்படி ஓடுகிறது என்றும் தணிக்கை செய்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆளே இல்லாத ஹாலில் ஓடும் ஏசியும் கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேனும் அங்கேதான் மாட்டும்.

வெந்நீருக்கு ஹீட் பம்ப் நல்லது, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி இது, 1 யூனிட் மின்சாரத்தில் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டி வெந்நீரை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம்.

சரி, பணம்? விண்ணப்பம் ஏற்கப்படும் முன்பே ஆர்டர் கொடுத்துவிட்டால் பல மானியத் திட்டங்களில் எதுவும் கிடைக்காது. தணிக்கைச் செலவுக்கே உதவும் திட்டங்களும் உண்டு, அதை முதலில் விசாரியுங்கள். கையில் முதல் இல்லையென்றால் எஸ்கோ (எரிசக்திச் சேவை) நிறுவனங்கள் இருக்கின்றன: அவர்களே முதலீடு செய்து, மிச்சமாகும் தொகையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தை எப்படி அளப்பார்கள் என்ற பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.