ஆலப்புழா படகு வீட்டில் இரவு தங்கப் போகிறவர்களுக்கு

ஆலப்புழாவில் படகு வீட்டில் ஓர் இரவைக் கழித்துவிட்டு மனக்குறையோடு திரும்புகிறவர்களில் பலருக்குக் காயலின் (உப்பங்கழியின்) அழகிலோ சாப்பாட்டிலோ குறை இருப்பதில்லை. இரவெல்லாம் படகு மிதந்து செல்லும் என்று எண்ணிப் போனவர்களை, மாலை 5.30 மணி வாக்கிலேயே கரையில் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் குறை. மீனவர்கள் இரவில் வலை விரிப்பதால் அதன் பிறகு படகு வீடுகள் ஓடுவதில்லை. கூடுதல் பணம் கொடுத்து ஓட்டச் சொல்வதும் தகாது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு ஒன்று இருட்டும் நேரத்தில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

ஆகவே, முன்பணம் கட்டும் முன் அறையின் படங்களைவிட நேரக் கணக்கைக் கவனியுங்கள். நண்பகல் 12 மணியளவில் ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குவது வழக்கம். மதிய உணவுக்காக நிறுத்தும் நேரத்தைக் கழித்தால், படகு உண்மையில் ஓடுவது பகலில் சில மணி நேரமும் காலையில் சிறிது தொலைவும்தான். ரயில் தாமதமாகி 3 மணிக்கு ஏறுபவர் பெரும்பகுதியை இழந்துவிடுவார். காயலைப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால், பகல் பயணம் போய்விட்டுக் கரையில் ஒரு நல்ல அறையில் உறங்குவதே மேல் என்பேன்.

இரவும் படகில்தான் என்று முடிவு செய்தவர்கள், படகை எங்கே கட்டுவார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் கேட்காமல் விடும் கேள்வி இதுதான். படகுகள் வரிசையாக நெருங்கி நிற்கும் துறையில், உங்கள் சன்னலுக்கு எதிரே காயல் இருக்காது, பக்கத்துப் படகின் சுவர்தான் இருக்கும். அதன் ஜெனரேட்டர் சத்தமும் பாட்டும் நள்ளிரவு வரை கூடவே வரும். சுற்றியுள்ள நெல்வயல் பகுதியான குட்டநாட்டின் வரப்போரம் தனியாகக் கட்டினால், ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் அந்நீர்மட்டத்துக்கும் தாழ்ந்த வயலுமாக அமைதி கிடைக்கும், கொசுவும் சேர்ந்தே கிடைக்கும். பல படகுகளில் ஏசி இரவு 9 முதல் காலை 6 வரை படுக்கையறையில் மட்டுமே ஓடும் என்பதால் அதையும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

குறுகிய கால்வாய்களுக்குள் பெரிய படகு நுழையாது. சிறு படகுக்குத் தனிக் கட்டணம் உண்டு. வழியில் மீன் கடையில் நிறுத்தினால், விலையும் சமைப்புக் கூலியும் கேட்ட பிறகே இறாலைத் தொடுங்கள்.

படத்தில் காட்டியது ஒரு படகு, துறையில் நிற்பது வேறொரு பழைய படகு என்ற ஏமாற்றத்தைத் தவிர்க்க, கூட்டம் குறைந்த நாட்களில் புன்னமடைத் துறைக்கே சென்று நேரில் பார்த்துப் பேசலாம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அது நடக்காது. அப்போது படகின் பெயர், பதிவு எண், ஏசி நேரம், கட்டுமிடம், உணவு விவரம் அனைத்தையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.

அப்படியும் சொன்னது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால், காலை வரை காத்திராமல் அன்று மாலையே படம் எடுத்து, படகை முன்பதிவு செய்து கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மசியாதவர் மீது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை, ஆலப்புழாவுக்கு அலையாமல் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யவும் சட்டம் இடமளிக்கிறது.