டிரெய்லரோடு மலை ஏறுகிறீர்களா? டோ மோடில் நாம் செய்யும் தவறுகள்

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1000 மீட்டர் ஏற்றம். ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் போய்வரும் ஜீப் டிரைவர்களிடம் இந்த ரோட்டைப் பற்றிக் கேட்டால் ஒரே பாடம்தான் சொல்வார்கள்: "ஏறுன கியர்லயே எறங்கு தம்பி." சில ஆட்டோமேட்டிக் வண்டிகளில் டிரெய்லர் இழுக்கும்போது போடுவதற்கென்று இருக்கும் டோ மோடு என்கிற பொத்தான் செய்வது ஏறக்குறைய இந்த வேலையைத்தான். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர்பாக்ஸ் சாதாரணமாக டீசலை மிச்சம் பிடிக்கப் பார்க்கும். கொஞ்சம் வேகம் கிடைத்ததும் மேல் கியருக்குத் தாவிவிடும். பின்னால் டிரெய்லர் இருந்து ஏற்றமும் வந்துவிட்டால், தாவிய கியரில் இழுவை போதாது. உடனே கீழே வரும், மறுபடி மேலே போகும். இப்படித் தத்தளிக்கும் ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும். டோ மோடு போட்டால் சின்ன கியரை அதிக நேரம் பிடித்து வைத்திருக்கும். இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டதும் தானே கியரைக் குறைத்து, இன்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஃபோர்ட் எஃப்-150, ஷெவ்ரலே சில்வரடோ மாதிரி அமெரிக்க பிக்கப்களில் இது பல வருடங்களாக உண்டு. நம் பக்கம் ஓடும் பொலேரோ கேம்பரிலும் பழைய ஜீப்பிலும் இந்தப் பொத்தானைத் தேட வேண்டாம். அங்கே உங்கள் இடது கைதான் டோ மோடு.

பொத்தானை அமுக்கியதும் வண்டிக்குப் பலம் கூடிவிட்டது என்று நம்புவதுதான் முதல் தவறு. சின்ன கியரில் இன்ஜின் சீறுவதால் அப்படித் தோன்றும். ஆனால் சேஸிஸ், ஹூக், பிரேக், டயர் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. வண்டியோடு வரும் புத்தகத்தில், பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எடை, பிரேக் இல்லாததற்கு ஓர் எடை என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். பல பெரிய வண்டிகளுக்கே பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோதான் வரம்பு. பட்டறையில் சொல்லிச் செய்யும் சின்ன டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. அதில் 50 கிலோ உர மூட்டை இருபது ஏற்றினால் சரக்கே 1000 கிலோ, டிரெய்லரின் சொந்த எடை தனி. இந்தக் கணக்கை எந்தப் பொத்தானும் மாற்றாது. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் நம்பர் பிளேட்டும் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏற்றத்தில் டோ மோடு போட்டு வந்து, மெட்டுக்கு மேலே டீ குடித்துவிட்டு, இறங்கும்போது அணைத்துவிடுகிறார்கள். கேட்டால் "இன்ஜின் ரொம்பக் கத்துது" என்பார்கள். அது கத்தட்டும், அந்தச் சத்தம்தான் உங்கள் பிரேக்கைக் காப்பாற்றுகிறது. வண்டியும் டிரெய்லருமாக 3500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 மீட்டர் கீழே இறங்கும்போது அந்த எடை விடும் ஆற்றல், நூறு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். டயர் உராய்வும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் வாங்காவிட்டால் முழுக்கப் பிரேக்தான் வாங்க வேண்டும். முதலில் தீய்ந்த வாடை வரும். பிறகு பிரேக் ஆயில் கொதித்து குழாயில் ஆவி சேர்ந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் இழுத்த பழைய ஆயில் அதற்கு வெகு முன்பே கொதித்துவிடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? கால் பெடலை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். அதிலும் இன்றைய டீசல் இன்ஜினில் கியரோடு காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் இன்ஜினை ஓடவைக்க டீசல் செலவாகும்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், இறக்கத்தில் வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல். அதைப் போட்டுக்கொண்டு மலை ரோடு முழுக்க இறங்கலாம் என்று நினைக்கிறார்கள். அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துத்தான் வேகத்தைக் குறைக்கிறது. தோட்டத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஐம்பது மீட்டர் மண் பாதைக்கு அருமையான வசதி. இருபது கிலோமீட்டர் தார் ரோட்டுக்கு அது ஆகாது.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதை டோ மோடு பார்க்காது. எங்கள் சித்தப்பா மகன் பூப்பாறைக்கு மருந்தடிக்கிற டேங்க்கையும் பம்ப் செட்டையும் கொண்டுபோனான். இறக்க வசதியாக இருக்குமே என்று பம்ப்பை டிரெய்லரின் கடைசியில் வைத்திருந்தான். டேங்க்கில் பாதிக்குத் தண்ணீர். மலை ஏறுவதற்கு முன், சமவெளியிலேயே, அறுபதைத் தாண்டியதும் டிரெய்லர் நாய் வால் மாதிரி ஆட ஆரம்பித்தது. பயந்து பிரேக்கை மிதித்தான், ஆட்டம் அதிகமானது. காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விட்டிருந்தால் அடங்கியிருக்கும். நல்ல வேளை, எதிரே வண்டி இல்லை, ஓரத்துப் புளியமரத்தில் பெயின்ட் உரசியதோடு போயிற்று. கனமான சாமான் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். சரக்கோடு சேர்ந்த டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு ஹூக்கின் மேல் அமர்வது சரியான அளவு. தண்ணீர் டேங்க் என்றால் நிறைத்துக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் காலியாக. பாதி டேங்க் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் மோதும்.

கொண்டை ஊசியில் டிரெய்லர் சக்கரம் வண்டியின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உள் வளைவில் ஒட்டித் திருப்பினால் டிரெய்லர் சுவரில் ஏறும், அல்லது ஓடையில் இறங்கும். கொஞ்சம் வெளியே போய்த் திருப்ப வேண்டும். அதற்கு எதிர்த் தடம் காலியாக இருக்கிறதா என்று வளைவுக்கு முன்பே பார்த்து ஹாரன் அடிக்க வேண்டும். குறுகிய மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது சட்டம். டிரெய்லரோடு பாதியில் நின்றுவிட்டு ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும்.

சரி, தார் ரோடு முடிந்து தோட்டப் பாதைக்கு வந்துவிட்டோம். பல வண்டிகளில் ஒரு நேரத்தில் ஒரு மோடுதான் போட முடியும், ஆகவே சேற்றில் டோ மோடை விட்டுவிட்டு அந்த இடத்துக்கான மோடுக்கு வர வேண்டும். ஃபோர் வீல் விஷயத்தில் இரண்டு தவறுகளையும் நம் ஆட்கள் செய்வார்கள். ஒன்று, சக்கரம் புதைந்த பிறகுதான் 4 எல், அதாவது ஃபோர் வீல் லோ கியர், போடுவது. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்காரர்களைப் பாருங்கள், கல் பாதை தொடங்கும் முன்பே நிறுத்தி, போட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். லோவில் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு, வேகம் அதே அளவு குறைவு. கிளட்சும் தீயாது. இரண்டாவது, டிரெய்லர் இருக்கிறதே, பிடிப்புக்கு நல்லதுதானே என்று காய்ந்த தார் ரோட்டிலும் ஃபோர் வீலிலேயே ஓட்டுவது. மஹிந்திரா தார் மாதிரி வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் அப்போது ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் பூட்டு விடாது. ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும், இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறும். மண்ணில் சக்கரம் சறுக்கி இந்த முறுக்கு கழன்றுவிடும். தாரில் கழலாது.

புதைந்த வண்டியை இழுக்கும்போது கயிற்றை டிரெய்லர் மாட்டும் டோ பாலில் மாட்டவே மாட்டாதீர்கள். அந்த உருண்டை சீரான இழுவைக்குச் செய்தது. வெட்டி இழுத்தால் ஒடிந்து குண்டு மாதிரி பறக்கும், பின்னால் நிற்கிறவரைக் கொல்லவும் செய்யும். சேஸிஸில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள், ஆட்களைக் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் அனுப்பிவிட்டு இழுங்கள். ரிப்பேரான ஆட்டோமேட்டிக் வண்டியைச் சக்கரம் தரையில் உருள இழுத்து வருவதும் தவறு. இன்ஜின் ஓடாமல் கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது. லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள், கியர்பாக்ஸ் விலைக்கு லாரி வாடகை ஒன்றுமில்லை.

இறங்கி முடித்து அடிவாரத்து முந்தல் வந்ததும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரி சுட்டால் பரவாயில்லை. ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. போடிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாமல், அங்கிருந்தே மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.