ஒளி தெரிந்தவுடன் பெயர் வைக்காதீர்கள்

வெள்ளம் வடிந்ததும் கிணறுகளுக்குக் குளோரின் போடுவது யாழ்ப்பாணத்தில் வழமை. அப்படிப் போட்ட கிணற்றுத் தண்ணீரில் அலசிய சோதனைக்குழாயில் ஒருநாள் காரக் கரைசலாக்கிய லூமினோலும் (ஒட்சியேற்றினால் ஒளிரும் சேர்வை) ஐதரசன் பேரொட்சைட்டும் விட்டேன். யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறை. குழாயின் அடியில் நீலம் மினுங்கியது. நான் தேடிய சுப்பரொட்சைட்டு, அதாவது ஓர் இலத்திரன் கூடிய ஒட்சிசன் மூலக்கூறு, பிடிபட்டுவிட்டது என்று துள்ளினேன். அதைத் தரவேண்டிய சேர்வையோ இன்னும் போத்தலுக்குள்ளேயே இருந்தது.

லூமினோல் ஒட்சியேற்றப்படும்போது அருட்டப்பட்ட (சக்தி கூடிய நிலையிலுள்ள) 3-அமினோதலேற்று உண்டாகி, ஏறத்தாழ 425 நானோமீற்றரில் ஒளியை விட்டு அடங்குகிறது. ஒட்சியேற்றியது யார் என்று அந்த நீலம் சொல்லாது. கிணற்றில் போட்ட குளோரின் நீரில் தரும் ஐப்போகுளோரைட்டும் அதைச் செய்யும். பேரொட்சைட்டோடு துளி செம்போ கோபாற்றோ இரும்போ இருந்தாலும் நடக்கும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். குழாய்களை ஐதான அமிலத்தில் ஊறவிட்டு, அயன் நீக்கிய நீரில் அலசுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளாக விலக்கி வெற்றுச் சோதனை செய்யுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்து எடுத்த எந்த வரைபையும் நான் நம்பமாட்டேன்.

சுப்பரொட்சைட்டுதான் என்று சொல்ல, அதை அகற்றும் சுப்பரொட்சைட்டு டிஸ்மியூற்றேசு நொதியத்தைச் சேர்த்தால் ஒளி மங்கவேண்டும். செயலிழக்கச் செய்த அதே நொதியத்துக்கு மங்கக்கூடாது. லூமினோலைப்போலச் சுப்பரொட்சைட்டைத் தேடப் பாவிக்கும் லூசிஜெனினைக் கூடிய செறிவில் விட்டால் அதுவே சுப்பரொட்சைட்டை உண்டாக்கக்கூடும். தேடவந்த ஆளே தடயத்தைப் போட்ட கதைதான்.

ஒற்றைநிலை ஒட்சிசன், அதாவது அருட்டப்பட்ட நிலையிலுள்ள ஒட்சிசன், வேறு கதை. அது தானே 1270 நானோமீற்றரில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், மிக மங்கலாக ஒளிரும். நீரில் அதன் ஆயுள் ஏறத்தாழ 3.5 மைக்ரோசெக்கன், பார நீரில் (ஐதரசனுக்குப் பதிலாக அதன் பாரமான சமதானி உள்ள நீர்) 60 மைக்ரோசெக்கனையும் தாண்டும். ஆகவே கரைப்பானைப் பார நீராக மாற்றியும் சமிக்ஞை கூடாவிட்டால் சந்தேகப்படுங்கள். சோடியம் ஏசைட்டு அந்த ஒளியை அணைத்தது என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் பிழை. ஏசைட்டு, தாக்குதிறன் கூடிய இன்னொரு ஒட்சிசன் இனமான ஐதரொட்சில் மூலிகத்தையும் விழுங்கும்.

இன்னொன்று, வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக் மூடியும் கண்ணாடியும் இருட்டுக்குள் வந்தபின்னும் சற்று நேரம் ஒளிவிடும். குழாய்களை முதலில் இருட்டில் ஆறவிட்டு, வெறுங்குழாயின் வாசிப்பைக் குறித்துக்கொண்ட பிறகே முதல் துளியை விடுங்கள்.