"தைராய்டு இருக்குல்ல, அதான்!"

முடி கொட்டினால் தைராய்டு. எடை ஏறினால் தைராய்டு. மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணைச் சொருகினால் அதுவும் தைராய்டு. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்துவிட்டால், அப்புறம் அவர் உடம்பில் எது நடந்தாலும் காரணம் தேட யாரும் மெனக்கெடுவதில்லை. பதினோரு வருடமாக ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு குறைவு நோயோடு குடித்தனம் நடத்துகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன், மாடிப்படியில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் இரண்டு படி இறங்கிய நாள்வரை.

உள்ளங்கால் மரத்துப்போயிருந்தது. ஆறேழு மாதமாக எறும்பு ஊர்வதுபோல் இருந்ததையும் தைராய்டுக் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன். ரத்தம் பார்த்தபோது டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் எண்) 2.4, ஒரு குறையும் இல்லை. பாதாளத்தில் கிடந்தது பி12 வைட்டமின். தைராய்டைத் தாக்கிய அதே எதிர்ப்பு சக்தி, இரைப்பையின் உட்சுவர்ச் செல்களையும் தாக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் கைகொடுத்தால்தான் சாப்பாட்டிலுள்ள பி12 குடல்வழியே உடம்பில் சேரும். பெர்னீசியஸ் அனீமியா என்று பெயர். இப்போது மாதம் ஒரு ஊசி. இதில் ஒரு கண்ணி உண்டு: சோகை என்றதும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்கினால் சோகை சரியானதுபோல் தெரியும், பி12 இல்லாமல் நரம்பு சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும்.

ஹாஷிமோட்டோ வெறும் கழுத்துச் சுரப்பியின் நோய் என்று நினைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. 1912-இல் ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடப்பதைப் பார்த்து எழுதினார். உடம்பே தன் சுரப்பிக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது என்பது 1956-இல்தான் லண்டனில் தெரியவந்தது. வேலியே பயிரை மேய்கிற நோய் இது. மேயத் தொடங்கிய வேலி ஒரு வயலோடு நிற்க வேண்டும் என்று சட்டமில்லை. கணையத்தில் கைவைத்தால் டைப் 1 சர்க்கரை, மூட்டில் முடக்குவாதம், தோலில் வெண்புள்ளி, சிறுகுடலில் கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் அடிசன் நோய்.

பெரும்பாலானவர்களுக்குத் தைராய்டோடு நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக் காலையே முழு உடல் பரிசோதனைக்கு ஓடுவீர்கள். அதுவும் தவறுதான். ஏஎன்ஏ என்ற ஆன்டிபாடி பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்ததும், பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்று பயந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். லூபஸ் இல்லாத தைராய்டுக்காரர்களுக்கும், ஏன், ஒரு நோயும் இல்லாதவர்களுக்கும்கூட அது பாசிட்டிவ் வரும். அறிகுறி இருந்தால் அதற்கேற்ற பரிசோதனை, அவ்வளவுதான். தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியைக் காட்டும் ஆன்டி டிபிஓ ஒருமுறை பாசிட்டிவ் வந்த பிறகு வருடா வருடம் அதையே பார்ப்பதும் காசுக்குக் கேடு. அந்த எண்ணை வைத்து யாரும் டோஸை மாற்றுவதில்லை.

சரி, மாத்திரைக்கு வருவோம். சுரப்பு குறைந்தவர்கள் எடுக்கும் தைராக்ஸின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலை உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு டம்ளர் டிகிரி காபி குடித்தாலும் வயிறு வெறும் வயிறுதான் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. காபி, மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

என் அத்தைக்குத் தைராய்டோடு முடக்குவாதமும் உண்டு. அவருடைய மாத்திரை டப்பாவை ஒருநாள் திறந்து பார்த்தேன். 'காலை' என்று எழுதிய கட்டத்தில் தைராக்ஸின், பான்டோபிரசோல், கால்சியம், இரும்புச்சத்து நான்கும் ஒன்றாகக் கிடந்தன. மூட்டு டாக்டர் சீட்டில் ஒரு மாத்திரைக்கு 'வெறும் வயிற்றில்'. தைராய்டு டாக்டர் சீட்டிலும் 'வெறும் வயிற்றில்'. மற்றது எப்போது என்று குழம்பி, அத்தை எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். கால்சியமும் இரும்பும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் தைராக்ஸின் சரியாகக் கரையாது. அதை நிறுத்த முடியாது என்றால் தைராய்டு டாக்டர் டோஸை அதற்கேற்ப வைப்பார். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! இவர் ஃபைலை அவர் பார்த்ததில்லை, அவர் ஃபைலை இவர் பார்த்ததில்லை. டிஎஸ்எச் இறங்கவில்லை என்று அத்தைக்கு 75 மைக்ரோகிராம் 100 ஆகி, 125-உம் ஆகியிருந்தது.

கால்சியத்தையும் இரும்பையும் மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளினோம். அடுத்த தவறு என்னுடையது: அதை டாக்டரிடம் சொல்லவில்லை. மருந்து இப்போது முழுசாகச் சேரவும், 125 அதிகமாகி அத்தைக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. நேரத்தை மாற்றுவதும் டோஸை மாற்றுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாற்றிய ஆறு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். பத்தாம் நாளே லேபுக்கு ஓடினால் பயனில்லை. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும்.

முடிக்காக விற்கும் பயோட்டின் மாத்திரை இன்னொரு வினோதம். அது தைராய்டை ஒன்றும் செய்யாது, பரிசோதனையைத்தான் ஏமாற்றும். பல லேப் கருவிகளில் டிஎஸ்எச் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனான டி4 கூடுதலாகவும் பொய்க்கணக்குக் காட்டும். அதைப் பார்த்து டோஸைக் குறைத்தால் நிஜமாகவே தைராய்டு குறைந்துபோகும், முடி இன்னும் கொட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்திவிடுங்கள். டோஸ் பெரிதென்றால் இன்னும் முன்னாலேயே நிறுத்த வேண்டியிருக்கும்.

உயிருக்கே ஆபத்தான தவறு அட்ரீனலில் இருக்கிறது. தைராய்டும் அட்ரீனலும் சேர்ந்து பழுதாவது அபூர்வம். அப்படிப்பட்டவருக்கு அட்ரீனலைக் கவனிக்காமல் தைராக்ஸினை மட்டும் ஆரம்பித்தால், அட்ரீனல் சுரக்கும் கார்டிசோலை உடம்பு வேகமாகச் செலவழிக்கும். ஏற்கெனவே கையிருப்பு இல்லை. ரத்த அழுத்தம் சரிந்து ஐசியு வரை போய்விடும். தைராய்டு குறைந்தால் எடை கூடுவதுதான் வழக்கம். எடை குறைகிறது, வெயிலில் அலையாமலே கறுக்கிறது, உள்ளங்கை ரேகையும் ஈறும் கருமை தட்டுகின்றன, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, நாக்கு உப்புக்கும் ஊறுகாய்க்கும் ஏங்குகிறது என்றால் முதலில் காலை எட்டு மணிக் கார்டிசோலைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு தேறுவதற்குப் பதிலாகப் படுத்தபடுக்கையானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத பொடி வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் தின்றுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், தூங்கிப்போன அட்ரீனல் உடனே விழித்துக்கொள்ளாது.

டைப் 1 உள்ளவர்களுக்கு, அதே சாப்பாடு அதே இன்சுலினில் அடிக்கடி லோ சுகர் வந்தால் தைராய்டோ அட்ரீனலோ இறங்கியிருக்கலாம். காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் தைராய்டு கூடியிருக்கலாம்.

இணையத்தைப் பார்த்துக் கோதுமையை விடுகிறவர்கள், விடுவதற்கு முன்பே சீலியாக் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். விட்டபின் பார்த்தால், நோய் இருந்தாலும் நெகட்டிவ் என்று வரலாம். வடக்கைவிடத் தெற்கே இந்த நோய் மிகவும் குறைவு என்பதால் இங்கே அதை யாரும் சீக்கிரம் சந்தேகிப்பதும் இல்லை.

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் அதைச் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது. மாத்திரையை நிறுத்தி அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்த்து எடுப்பவர்களுக்கு அதுவும் வெள்ளணுவைக் குறைக்கக்கூடியது என்பதால் இரட்டைக் கவனம் வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "முட்டைக்கோஸ் சாப்பிடலாமா?" தாராளமாக, வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிடுங்கள். அயோடின் உப்பையும் நிறுத்த வேண்டாம். கடல்பாசி மாத்திரைதான் வேண்டாம். நான் திருப்பிக் கேட்பது, காலையில் காபி எத்தனை மணிக்கு?