தோல் பினிஷிங்: தின்னர் ஆவியைக் கட்டுப்படுத்துவது எப்படி?

தோலுக்குச் சாயம் தெளிக்கும் ஸ்ப்ரே பூத்தில் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) நீர்த்திரை ஓடினால் வாடையும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். நீர்த்திரையும் சரி, உலர் ஃபில்டரும் சரி, பிடிப்பது சாயத் துளிகளைத்தான். சாயத்தை இளக்கும் தின்னரில் இருக்கும் டொலுவீன், பியூட்டைல் அசிடேட் போன்றவற்றின் ஆவி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். அதனால் ஃபில்டர் வாங்குவதற்கு முன் தின்னரைக் குறைப்பதே முதல் வேலை.

அடிப்பூச்சை நீர் சார்ந்த பாலியூரித்தேனுக்கு மாற்றுங்கள். தட்டையான தோலுக்கு ரோலர் கோட்டர் போதும், தெறிப்பே இல்லை. பளபளப்பான முதலைத் தோலுக்குக் கேசின் (பால் புரதம்) பூசி அகேட் கல்லால் தேய்க்கும் பழைய முறை இன்றும் செல்லும். சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். நீர்ப்பூச்சு காயத் தாமதமாகும். ஆர்டர் அவசரம் என்றால் ஆட்கள் சத்தமில்லாமல் தின்னரில் கரைத்த லேக்கருக்குத் திரும்பிவிடுவார்கள். தடிமனாக ஒரு கோட் அடிக்காமல் மெல்லியதாக இரண்டு அடித்து, ஈரம் நீக்கிய வெதுவெதுப்பான காற்றை ஓட விடுங்கள். நீர்ப்பூச்சிலும் ஐசோசயனேட் கிராஸ்லிங்கர் (பூச்சை உறுதியாக்கும் ரசாயனம்) கலந்தால் அதன் தெறிப்பு ஆஸ்துமாவை வரவழைக்கலாம். வெளிக்காற்று தரும் முகமூடி தேவை.

ஸ்ப்ரே துப்பாக்கி எச்விஎல்பி வகையாக (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) இருக்கட்டும். முனையில் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் போனால் துளி தோலில் ஒட்டாமல் பறக்கும். தோலுக்கு நேர்செங்குத்தாக, 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், ஓரம் வந்ததும் விசையை விடுங்கள். துப்பாக்கியைக் கழுவத் தின்னரைக் காற்றில் பீய்ச்சாமல் மூடிய தொட்டியில் கழுவுங்கள்.

பூத் வாயில் காற்று வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் வேண்டும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் திறப்பு என்றால் மணிக்கு 7,200 கன மீட்டர். ஏர்கான் குளிர்ச்சி வீணாகிறதென்று விசிறியைக் குறைத்தால் தெறிப்பு அறைக்குள்ளேயே சுற்றும். வெளியேறும் அளவுக்குப் புதுக்காற்று வர வழி வையுங்கள்; கதவைத் திறக்க இழுத்துப் போராட வேண்டியிருந்தால் அது போதவில்லை என்று பொருள்.

மிச்ச ஆவியை உறிஞ்சிப் பிடிக்கத்தான் செயலூட்டிய கரி. கணக்கு போட்டுப் பாருங்கள்: 200 கிலோ கரி தன் எடையில் 10 சதவீதம் பிடித்தால் 20 கிலோ. நாளுக்கு 4 கிலோ தின்னர் ஆவியானால் ஐந்தே நாளில் நிரம்பிவிடும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வெறும் கண்துடைப்பு. நீர்த்திரையைத் தாண்டி வரும் ஈரக்காற்று கரியின் கொள்ளளவை இன்னும் குறைக்கும்; 27 டிகிரியில் வரும் காற்றை வெந்நீர்க் குழாய்ச்சுருளால் 10 டிகிரி ஏற்றினால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். தின்னரில் இருக்கும் எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்) போன்ற கீட்டோன்கள் கரியில் படிந்து சூடாகித் தீப்பிடிக்கலாம். வெப்பமானியும் அலாரமும் கட்டாயம்.

பஃபிங் (தோலைத் தேய்த்து மழமழப்பாக்குவது) தூசிக்குத் தனிக் குழாய், தனிப் பை ஃபில்டர். குழாயில் வேகம் நொடிக்கு 20 மீட்டர் அளவில் இருந்தால் தூசி படியாது. ஸ்ப்ரே குழாயோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். லேக்கரில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் படிந்த ஸ்ப்ரே ஃபில்டர் காய்ந்தால் தானாகவே தீப்பற்றலாம். கழற்றியதும் தண்ணீர் நிரம்பிய மூடி போட்ட உலோகத் தொட்டியில் போடுங்கள்.

பூத் தண்ணீரைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதியின்றிப் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடக்கூடாது. பழைய தின்னரையும் சகதியையும் உரிமம் பெற்ற நச்சுத் தொழிற்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுத்து, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.