வலிக்கவில்லையா? அப்போதுதான் காலைப் பார்க்க வேண்டும்

சர்க்கரை நோயாளியின் காலில் சிறு கொப்புளம்கூட பெரும் புண்ணாக முற்றிவிடுவதற்கு முக்கியக் காரணம், அது வலிக்காததுதான். ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால், உடலின் நீளமான நரம்புகள் முதலில் பழுதாகின்றன. அதனால்தான் தொல்லை கால்விரல் நுனியில் தொடங்கி மேலேறுகிறது. எரிச்சல், மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு என்று அது வளரும். எரிச்சல் தானாக அடங்கியதும் குணமாகிவிட்டதாக நினைத்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. பல நேரம் நரம்பு முழுவதுமாக மரத்துப்போனதுதான் அந்த நிம்மதிக்குக் காரணம். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நாலடி நடந்துவிடுகிறவர், இனியும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காலைக் காட்ட வேண்டும்.

வெறுங்காலோடு நடப்பது அடுத்த தவறு. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்து, பாதம் வெந்துபோனதை வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையிலோ மாலையிலோ போனால் சாமி கோபித்துக்கொள்ளாது. பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையும், முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பும் நரம்பைத் தூண்டும் என்று சொல்லி விற்கப்படுகின்றன. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு இவை இரண்டுமே ஆகாது.

இந்தப் பாடத்தை நாம் வேலூரிலேயே படித்திருக்கிறோம். அங்கு தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயப்பட்டே சிதைகின்றன என்று எடுத்துக்காட்டினார். அத்தகைய பாதங்களுக்காகப் பழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். செருப்பை மாலையில் வாங்குங்கள்; கால் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும். பின்வார் இருப்பது நல்லது. போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

கால் எரிகிறது என்று வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். சூடு தெரியாத காலால் சூட்டை அளக்க முடியாது. கால் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும் வினைதான்: அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் அரிக்கும். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை அவசியம். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை, வலியும் இல்லை. மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று. ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும். வலி பெரிதாக இருக்காது. சுளுக்கு என்று தைலம் போட்டு நீவிவிடுவார்கள். அது எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும். மருத்துவர் பார்த்து முடிவு சொல்லும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது.