டாபிக் தேடாதீர்கள், முதலில் ஒரு அட்டவணையைத் திரும்பச் செய்யுங்கள்

விருதுநகர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடமாகக் கணினி அறிவியல் நடத்துகிறேன். எம்.இ. பிள்ளைகள், ப்ராஜெக்ட் தலைப்பைச் சொல்ல வேண்டிய ஜீரோத் ரிவ்யூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்து நிற்பார்கள். "மேடம், ஒரு டாபிக் சொல்லுங்க." பிஎச்.டி.க்குப் பதிந்தவர்களும் வேறு வார்த்தைகளில் அதையேதான் கேட்கிறார்கள். நான் டாபிக் சொல்வதில்லை. "ஒரு ஆய்வுப் பேப்பரை எடுங்க. அதுல ஒரே ஒரு அட்டவணையை உங்க கையால திரும்ப உண்டாக்கிக் கொண்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்பேன். முகம் வாடும். யாரோ செய்து முடித்ததை மறுபடி செய்வதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது என்று சிலர் நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

2019இல் கோபன்ஹேகனில் நடந்த பரிந்துரை அமைப்புகள் (யாருக்கு எந்தப் படம், எந்தப் பொருள் பிடிக்கும் என்று சொல்லும் நிரல்கள்) மாநாட்டில், மிலானையும் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டையும் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் செய்தது இதைத்தான். பெரிய மாநாடுகளில் வெளியான 18 நியூரல் நெட்வொர்க் முறைகளை எடுத்துத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். நியாயமான உழைப்பில் ஓட்ட முடிந்தது 7தான். அந்த ஏழில் ஆறை, பக்குவமாக அமைத்த எளிய பழைய முறைகளே பல இடங்களில் முந்திவிட்டன. மாநாட்டின் சிறந்த கட்டுரை விருது அதற்குக் கிடைத்தது.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் வந்ததற்கு என் சொந்த எம்.இ. ப்ராஜெக்ட் காரணம். தமிழ்ச் செய்திகளை சினிமா, விளையாட்டு, அரசியல், வணிகம் என்று வகை பிரிப்பது வேலை. ஒரு செய்தித் தளத்திலிருந்து நாலாயிரம் செய்திகளை இறக்கி எஸ்விஎம் என்ற வகை பிரிக்கும் முறையை ஓட்டினேன். அக்யூரசி, அதாவது சரியாகச் சொன்ன சதவீதம், 97 வந்தது. இரண்டு ரிவ்யூவிலும் பாராட்டினார்கள். வைவாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, நானே ஒரு சினிமாச் செய்தி போல நாலு வரி எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். வணிகம் என்றது. கிரிக்கெட் பற்றி எழுதினேன். அரசியல் என்றது. மாடல் எந்தச் சொற்களுக்கு அதிக எடை தருகிறது என்று அச்சிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தத் தளத்தில் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் "மேலும் சினிமா செய்திகளுக்கு", "மேலும் வணிகச் செய்திகளுக்கு" என்று ஒரு இணைப்பு வரி இருந்தது. நான் அதை நீக்கவில்லை. மாடல் செய்தியைப் பார்க்கவே இல்லை, அடியில் எழுதியிருந்த விடையைப் பார்த்து எழுதியிருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினால் 83. கைடு அறையில் உட்கார்ந்து அழுதேன். அவர் சொன்னார்: "83ஐ எழுதும்மா. 97 எப்படி வந்துச்சுங்கறதையும் ஒரு பக்கம் எழுது." அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று.

எந்தப் பேப்பரை எடுப்பது? டேட்டா திறந்திருக்க வேண்டும். கூகுள் கோலாபின் இலவசக் கணக்கிலோ உங்கள் மடிக்கணினியிலோ ஓட வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, டேட்டாவை நீங்கள் கண்ணால் படித்துப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். மருத்துவப் படங்களோடு வருகிற பிள்ளையை நான் தயங்கித்தான் அனுமதிப்பேன், ஏனென்றால் எக்ஸ்ரேயைப் பார்த்து இது தப்பு என்று அவரால் சொல்ல முடியாது. அங்கே பொறிகளும் வேறு. பிரபலமான ஒரு மார்பு எக்ஸ்ரே தொகுப்பில் 1,12,120 படங்கள் இருக்கின்றன, ஆனால் நோயாளிகள் 30,805 பேர்தான். படம் படமாகக் குலுக்கிப் பிரித்தால் ஒரே ஆளின் எக்ஸ்ரே மாடல் கற்கும் பயிற்சிப் பகுதியிலும் இருக்கும், அதைச் சோதிக்கும் டெஸ்ட் பகுதியிலும் இருக்கும். ஆள் வாரியாகத்தான் பிரிக்க வேண்டும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் கொடுப்பது 2020இல் வெளியான ஒரு தொகுப்பு. தமிழ்ப் பட டிரெய்லர்களுக்குக் கீழே யூடியூபில் மக்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதிய 15,744 கருத்துகள். பாசிட்டிவ் 10,559, நெகட்டிவ் 2,037, இரண்டும் கலந்தது 1,801, எந்தப் பக்கமும் சாயாதது 850, தமிழே அல்லாதது 497. பயிற்சிக்கு 11,335, சரிபார்க்க 1,260, டெஸ்டுக்கு 3,149 என்று பிரித்தும் தந்திருக்கிறார்கள்.

பேப்பரை வாசிப்பதற்குக் கணினி அறிவியலாளர் எஸ். கேசவ் 2007இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இருக்கிறது. மூன்று சுற்றாக வாசிக்கச் சொல்கிறார். முதல் சுற்று ஐந்து பத்து நிமிடம், இரண்டாவது ஒரு மணி நேரம், மூன்றாவதில் அந்த வேலையை நீங்களே மனதுக்குள் திரும்பச் செய்து பார்ப்பது. புதியவர்களுக்கு அந்த மூன்றாம் சுற்று நாலைந்து மணி நேரம் பிடிக்கும். நான் சொல்லும் பயிற்சி அந்த மூன்றாம் சுற்றைக் கணினியில் செய்வதுதான். லிட்ரேச்சர் சர்வே என்று அறுபது பேப்பர் பட்டியல் போடுவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எடுத்த பேப்பரிலிருந்து அது மேற்கோள் காட்டியவற்றுக்குப் பின்னால் போங்கள், அதை மேற்கோள் காட்டியவற்றுக்கு முன்னால் போங்கள். பத்துப் பேப்பர் போதும்.

கோடு எழுத உட்காரும் முன் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். எதைக் கொடுத்தாலும் "பாசிட்டிவ்" என்றே சொல்லும் ஒரு முட்டாள் நிரல் இருக்கிறது என்று வையுங்கள். இந்த டேட்டாவில் அதன் அக்யூரசி 67 சதவீதம்! எஃப்1 என்பது ஒரு வகையை எவ்வளவு தவறாமல், எவ்வளவு விடாமல் பிடிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்த மதிப்பெண். அதே நிரலுக்கு, பெரிய வகைக்கு அதிக எடை கொடுக்கும் வெயிட்டட் எஃப்1 சுமார் 0.54. ஐந்து வகைக்கும் சம மதிப்புக் கொடுக்கும் மேக்ரோ எஃப்1 0.16. ஒரே நிரல், மூன்று எண். ஒரு பேப்பரில் 0.54 என்ற எண்ணைப் பார்த்தால் அது எந்தச் சராசரி என்று தேடும் பழக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் என் பிள்ளைகளுக்கு வந்தது. பேஸ்லைன் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிமட்ட அளவு) என்பதன் பொருளும் இதில்தான் பிடிபடும். உங்கள் மாடல் 70 வாங்கினால், ஒன்றுமே கற்காத நிரலைவிட 3 புள்ளிதான் மேலே.

அடுத்து, நூறு கருத்துகளை எடுத்துத் தோழியோடு தனித்தனியே உட்கார்ந்து நீங்களே வகை குறியுங்கள். விடையைப் பார்க்கக் கூடாது. போன வருடம் என்னிடம் இருந்த இரண்டு பெண்களும் நூற்றில் 68இல்தான் ஒத்துப்போனார்கள். "மொக்கையா இருக்கும் போல, ஆனா தலைவருக்காக மூணு தடவை பாப்பேன்" என்பது பாசிட்டிவா, கலவையா? ஒரு மணி நேரம் சண்டை. நல்ல சண்டை. மனிதர்களே ஒத்துப்போகாத இடத்தில் இயந்திரம் 95 வாங்கினால் சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்ற கேள்வி அந்தச் சண்டையில்தான் எழுந்தது. ஒத்துப்போதலைக் கப்பா அளவில் கணக்கிடுங்கள். வெறும் சதவீதம் தற்செயலாக ஒத்துப்போனதையும் சேர்த்துக் காட்டிவிடும்.

இப்போது ஓட்டலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, எதை மாற்றினேன், என்ன எண் வரும் என்று நினைக்கிறேன், என்ன வந்தது என்று நான்கு கட்டம். மூன்றாவது கட்டத்தை ஓட்டுவதற்கு முன்பே பேனாவால் நிரப்ப வேண்டும். பாடத்தில் கருதுகோள் என்று மனப்பாடம் செய்தீர்களே, அது அந்தக் கட்டம்தான். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு எழுதினால், எது வந்தாலும் நாம் எதிர்பார்த்ததாகவே தோன்றும். மனம் அப்படித்தான் வேலை செய்கிறது.

ஒரு முறை ஓட்டி நிறுத்தாதீர்கள். ரேண்டம் சீடை (நிரலின் தற்செயல் தேர்வுகளைத் தொடங்கி வைக்கும் எண்) மாற்றி ஐந்து முறையாவது ஓட்டி, சராசரியையும் அது எவ்வளவு விலகுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கில் (செய்து பார்த்து, கிடைக்கும் பரிசைக் கொண்டு கற்கும் முறை) 2018இல் வந்த ஒரு ஆய்வு, ஒரே அல்காரிதத்தை ஒரே அமைப்பில் பத்து சீடுகளில் ஓட்டி, ஐந்து ஐந்தாகப் பிரித்து வரைந்தது. இரண்டு வெவ்வேறு அல்காரிதம் போலத் தெரிந்தது. டெஸ்ட் அளவும் முக்கியம். 3,149 கருத்துகளில் 67 சதவீதம் என்றால், மேலும் கீழும் சுமார் 1.6 புள்ளி ஆடும். "எங்கள் முறை 0.8 மேம்பட்டது" என்று எழுதுவதற்கு முன் இதை நினையுங்கள். இரண்டு முறைகளையும் ஒரே டெஸ்டில் ஓட்டியிருந்தால் வித்தியாசம் தற்செயலா என்று சொல்லும் மெக்நிமார் சோதனை செய்து பாருங்கள். தமிழே அல்லாத வகையில் டெஸ்டில் நூறு போலத்தான் விழும், அங்கே ஒரு கருத்து மாறினால் அந்த வகையின் ரீகால் (அந்த வகையில் இருப்பதில் சரியாகப் பிடித்த சதவீதம்) ஒரு புள்ளி மாறிவிடும்.

வேகத்தை அளப்பவர்கள் இதிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2009இல் வந்த ஒரு ஆய்வில், யூனிக்ஸில் சூழல் மாறிகளின் (ஓடும் நிரலுக்குக் கணினி கொடுத்து வைக்கும் அமைப்புத் தகவல்கள்) மொத்த நீளம் மாறினாலே நிரலின் வேகம் மாறுவதைக் காட்டினார்கள். சூழல் மாறியில் பயனர் பெயரும் இருக்கும். பெயர் நீளமானவருக்கு ஒரு முடிவு, குட்டையானவருக்கு ஒரு முடிவு! லேபில் இரண்டு வேறு கணக்குகளில் ஓட்டிப் பாருங்கள்.

டெஸ்ட் பகுதியைக் கடைசியில் ஒரே ஒரு முறை தொடுங்கள். திருத்தம் எல்லாம் சரிபார்க்க ஒதுக்கிய அந்த 1,260இல் நடக்கட்டும். இதில் மட்டும் நான் சமரசம் செய்வதே இல்லை. கோடை சாட்பாட்டிடம் கேட்டு எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டேட்டாவைப் பிரிக்கும் வரிகளையும் மதிப்பெண் கணக்கிடும் வரிகளையும் நீங்களே எழுதி, பத்து கருத்துகளுக்குக் கையால் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்.

உங்கள் எண் பேப்பரின் எண்ணோடு பெரும்பாலும் பொருந்தாது. பயப்பட வேண்டாம், பேப்பரில் ஏமாற்று இருக்கிறது என்று உடனே முடிவுகட்டவும் வேண்டாம். முதலில் எந்தச் சராசரி என்று பாருங்கள். பிறகு டேட்டா பிரிப்பு, பிறகு இமோஜியையும் எழுத்து வடிவத்தையும் எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்பது, பிறகு நூலகப் பதிப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி எண் பொருந்தினால் எதனால் பொருந்தியது என்று தெரியாது. நாலும் பார்த்தும் பொருந்தவில்லை என்றால் எழுதியவர்களுக்கு மெயில் அனுப்புங்கள். "கோடு அனுப்புங்கள் ஐயா" என்று மொட்டையாக எழுதினால் பதில் வராது. "உங்கள் மூன்றாம் அட்டவணையின் இரண்டாம் வரியில் இந்த எண், எனக்கு ஐந்து ஓட்டத்தில் இந்தச் சராசரி, இந்த நான்கையும் பார்த்துவிட்டேன், சுத்தம் செய்யும்போது இமோஜியை நீக்கினீர்களா?" என்று எழுதினால் பெரும்பாலும் வருகிறது.

இவ்வளவும் முடிய ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். கடைசியாக, மாடல் தப்பாகச் சொன்ன ஐம்பது கருத்துகளை அச்செடுத்துப் பென்சிலோடு படியுங்கள். டாபிக் அங்கேதான் இருக்கிறது. சண்டை போட்ட இரண்டு பெண்களில் ஒருத்தி அந்த ஐம்பதில் "சூப்பர்", "சூப்பரு", "சூப்ப்ப்பர்" என்று ஒரே சொல் பல வடிவில் வருவதைக் கண்டாள். எல்லோரும் அவற்றைச் சுத்தம் செய்து ஒன்றாக்குகிறார்கள். நீட்டி எழுதுவதிலேயே உணர்ச்சி இருக்கிறதே மேடம், ஒன்றாக்கினால் அது போய்விடாதா என்று கேட்டாள். அதுதான் இப்போது அவளுடைய ப்ராஜெக்ட். முதல் ஓட்டத்துக்கு முன் நோட்டில் மூன்றாவது கட்டத்தில் எழுதியிருக்கிறாள்: மேக்ரோ எஃப்1 இரண்டு புள்ளி குறையும், குறைவது நெகட்டிவ் வகையில் அதிகம் இருக்கும். நாலாவது கட்டம் இன்னும் காலி. திங்கட்கிழமை ஓட்டுகிறோம்.